பெயர்க் கட்டத்தில் பச்சை மை

எங்கள் தொகுதியின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினரை எங்கள் ஆட்கள் இன்றும் 'எம்.எல்.ஏ' என்றுதான் சொல்கிறார்கள். அவர் அந்தப் பதவியில் இருந்தது ஒரே முறை, ஐந்து வருடம். அதற்குப் பிறகு இரண்டு தேர்தலில் தோற்றார். ஒரு தேர்தலில் சீட்டே கிடைக்கவில்லை. பிறகு கட்சி மாறினார். ஆனாலும் அவர் வண்டி போனால் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்கிறார்கள். என் கணவரும் எழுந்து நிற்பார்.

அந்த எம்.எல்.ஏ. என் மகளின் பிறப்புச் சான்றிதழில் செய்து வைத்த ஒரு காரியத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதனால் அவளுடைய ஜெர்மனி வேலை கையை விட்டுப் போகப் பார்த்தது. போலிச் சான்றிதழ் கொடுத்தவள் என்ற பழியும் அவள் தலையில் விழப் பார்த்தது. எல்லாம் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. இப்போதும் தபால்காரர் மணியடித்தால் ஓடிப்போய் உறையில் அனுப்புநர் பெயரைத்தான் முதலில் பார்க்கிறேன்.

மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே நாங்கள் அடையாற்றங்கரையில் குடிசைகள் வரிசையாக இருந்த பகுதியில் இருந்தோம். தெருமுனையில் அந்த எம்.எல்.ஏ. அப்போது வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். நல்லதே செய்யாதவர் என்று சொல்ல மாட்டேன். எங்கள் வரிசைக்குக் குழாய் வந்தது அவரால்தான். சந்தேகக் கேஸில் பிடித்துப் போன பையன்களை ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வருவார். முதலில் கவுன்சிலர் ஆனார், பிறகு எம்.எல்.ஏ. என் கணவர் ஆட்டோ ஓட்டுபவர். எம்.எல்.ஏ. தேர்தலுக்காக ஒரு மாதம் சவாரியே எடுக்காமல் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தொகுதி முழுக்கச் சுற்றினார்.

அவர் ஜெயித்த பிறகு எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கட்சிக்காரர் வீட்டுக் குழந்தைக்குத் தலைவர்தான் பெயர் வைப்பார். பெரிய தலைவர் வரை போக முடியாதவர்கள் தங்கள் எம்.எல்.ஏ.விடம் தூக்கிக்கொண்டு போவார்கள். அதுவரை குழந்தைக்குப் பெயர் கிடையாது. ஆஸ்பத்திரியில் பிறப்பைப் பதிவு செய்தபோது 'குழந்தையின் பெயர்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டோம். சான்றிதழும் அப்படியே வந்தது.

நான் ஒரு பெயர் யோசித்து வைத்திருந்தேன். அதை இங்கே எழுதப் போவதில்லை. ஒருநாள் அதைக் கணவரிடம் சொன்னேன்.

"இன்னாத்துக்கு இப்ப அவசரம்? அண்ணன் வெப்பாரு. அவரு வாயால வந்தாத்தான் அந்தப் பேருக்கே ஒரு மதிப்பு கீது" என்றார்.

அண்ணனுக்கு நேரம் வரவில்லை. சட்டமன்றக் கூட்டத்தொடர் என்றார்கள். பிறகு மந்திரி வருகிறார் என்றார்கள். பிறகு ஆடி மாதம் வந்துவிட்டது. மேடைதோறும் மூடநம்பிக்கையை ஒழிப்போம் என்று முழங்குகிறவர், ஆடியில் பெயர் வைக்க மாட்டாராம். தடுப்பூசி அட்டையில் 'பெண் குழந்தை' என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். என் மகள் குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூப்பிட 'பாப்பா'வைத் தவிர வேறு சொல் இல்லை. நான் பி.காம். படித்தவள். எங்கள் வரிசையில் முதல் பட்டதாரி. எழுந்து போய் அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டு வர எனக்கு அரை நாள் போதும். போகவில்லை.

பதினோரு மாதம் கழித்து அவருடைய பிறந்தநாள் விழாவில் மேடை போட்டார்கள். இருபதுக்கும் மேற்பட்ட தாய்மார்கள் குழந்தையோடு வரிசையில் நின்றோம். அவர் ஒவ்வொரு குழந்தையாக வாங்கிப் போட்டோவுக்குத் தூக்கிப் பிடித்து மைக்கில் பெயரைச் சொன்னார். முதல் பெண் குழந்தைக்கு அவருடைய அம்மாவின் பெயர். ஒரே கைத்தட்டல். இரண்டாவது பெண் குழந்தைக்கும் அதே பெயர். மூன்றாவதுக்கும் அதேதான். ஆண் குழந்தை என்றால் அவருடைய அப்பா பெயர். எனக்கு முன்னால் நின்றவள் திரும்பி, "இன்னாக்கா இது, ரேஷன்ல போடற மாரி அல்லாத்துக்கும் ஒரே சரக்கா குடுக்கறாரு?" என்று காதோடு சொன்னாள். நான் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே என் குழந்தையையும் நீட்டினேன்.

கீழே இறங்கியதும் அவருடைய பி.ஏ. மஞ்சள் பையோடு நின்றிருந்தார். "பேரை ஏத்தணும்ல? சர்டிபிகேட்டைக் குடுங்க. அண்ணனே மொத்தமா முடிச்சுக் குடுத்துருவாரு. நீங்க ஆபீஸ் ஆபீஸா அலைய வாணாம்." கையோடு கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். எல்லோரும் எடுத்துக் கொடுத்தோம்.

இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. காலியாக இருந்த பெயர்க் கட்டத்தில் பச்சை மையில் பெயர் எழுதியிருந்தது. பக்கத்தில் அதே மையில் கையெழுத்து. அதன் மேல் வட்டமாகச் சட்டமன்ற உறுப்பினர் முத்திரை. பதிவேட்டில் பெயர் ஏறவே இல்லை என்பதும், மாநகராட்சிக்கு யாரும் போகவே இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியாது. பச்சை மை பெரிய அதிகாரிகள் பயன்படுத்துவது, சீல் வேறு இருக்கிறது, இதைவிடப் பலமான சான்றிதழ் என்ன இருக்க முடியும் என்று நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் கணவர் அன்றைக்கே மந்தைவெளியில் ஒரு கடைக்குக் கொண்டுபோய் லேமினேட் செய்துவிட்டார்.

பள்ளியில் சேர்க்கும்போது அந்த முத்திரையைப் பார்த்த பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் வகுப்பில் அதே பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். டீச்சர் நெட்டை, குட்டை, கண்ணாடி என்று கூப்பிட்டார். என் மகள் குட்டை.

கரையோரக் குடிசைகளை எடுத்தபோது பாதிப் பேரை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். நாங்கள் கொட்டிவாக்கத்தில் வாடகைக்கு வந்தோம். எம்.எல்.ஏ. அதற்கு முன்பே பாலவாக்கத்தில் கடல் பார்த்த வீடு கட்டிக் குடியேறியிருந்தார். குடிசையை எடுத்த அன்று அந்தப் பக்கம் வரவில்லை. வெள்ளம் வந்த வருடம் பிரெட் பாக்கெட்டோடும் போட்டோகிராபரோடும் வந்தார்.

எனக்கு மயிலாப்பூரில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை கிடைத்தது. சேர்க்கைப் பிரிவு. பிறப்புச் சான்றிதழைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. இனிஷியல் மாறியிருந்தால், அப்பா பெயரில் ஒரு எழுத்து கூடியிருந்தால், "மாத்திக்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவேன். கைக்குழந்தையோடு வந்து கெஞ்சியவர்களைக்கூட அனுப்பியிருக்கிறேன். இத்தனை வருடத்தில் என் பீரோவில் இருக்கும் சான்றிதழை ஒருநாளும் எடுத்துப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் என் மேல்தான். அதை யார் மேலும் தள்ள முடியாது.

மகள் நர்சிங் டிப்ளமோ படித்தாள். அடையாறில் ஒரு மருத்துவமனையில் வேலை. டூட்டி முடித்துவிட்டு வந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒன்றரை வருடம் ஜெர்மன் படித்தாள். அந்த ஊர் மருத்துவமனை ஒன்று நேர்காணல் வைத்து அவளை எடுத்துக்கொண்டது. எங்கள் வரிசையில் பிறந்த யாரும் விமானத்தில் ஏறியதில்லை.

பத்திரங்களை அனுப்பி இரண்டு வாரம் கழித்து, ஜெர்மனிக்கு நர்சுகளை அனுப்பும் தி. நகர் ஏஜென்சியிலிருந்து நேரில் வரச் சொன்னார்கள். அங்கிருந்த பெண்ணுக்கு என் மகளைவிட நான்கைந்து வயது கூட இருக்கும். சான்றிதழைக் கணினித் திரையில் பெரிதாக்கிக் காட்டினாள்.

"மேடம், இந்தப் பதிவு எண்ணை ஆன்லைன்ல போட்டா பேரு காலியா வருது. உங்க பேப்பர்ல மட்டும் பச்சை இங்க்ல இருக்கு. இது யார் எழுதினது?"

"எம்.எல்.ஏ."

"எம்.எல்.ஏ. எதுக்கு மேடம் பர்த் சர்டிபிகேட்ல எழுதறாரு?"

இருபத்தொரு வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"ஜெர்மன்காரங்களைப் பொறுத்தவரைக்கும் இது திருத்தின டாக்குமெண்ட். ஃபோர்ஜரின்னு ஒருதடவை ஃபைல்ல ஏறிடுச்சுன்னா இவங்க வேற எங்கயும் அப்ளை பண்ணவே முடியாது. மாசக் கடைசி வரைக்கும் டைம் வாங்கியிருக்கேன். அதுக்குள்ள பேரு ஏத்தின ஒரிஜினல் வேணும்."

படிக்கட்டில் இறங்கும்போது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாண்டி பஜார் கூட்டத்துக்குள் நடக்கும்போது, "அம்மா, என்னைப் போலீஸ்ல பிடிப்பாங்களா?" என்று கேட்டாள். இருபத்திரண்டு வயதுப் பெண். ஐ.சி.யு.வில் வேலை பார்ப்பவள்.

மறுநாள் மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் பொறுமையாகவே பேசினார். விட்டுப்போன பெயரைச் சேர்க்கப் பதினைந்து வருடம்தான் கெடு, இப்போது அந்தக் கடைசித் தேதியைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள், இன்னும் சில நாள் இருக்கிறது என்றார். லேமினேட் செய்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆனா பழசை ஒப்படைக்கணும். இதுல யாரோ எழுதியிருக்காங்க. எழுதினவரே ஒரு லெட்டர் குடுத்துட்டா வேலை சுலபமா முடியும்மா."

என் கணவருக்கு அதைக் கேட்டதும் தெம்பு வந்துவிட்டது. "அவ்ளோதானே? அண்ணன் ஒரு கையெழுத்து போட இன்னா வந்துது? ஞாயித்துக்கிழம போலாம்."

நானே மூன்று வரியில் கடிதம் தட்டச்சு செய்தேன். இன்னின்ன சான்றிதழில் பெயர் என் அலுவலகத்தில் எழுதப்பட்டது, குடும்பத்தார் எழுதியதல்ல என்று. ஞாயிறு காலை மூன்று பேரும் பாலவாக்கம் போனோம். ஹாலில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். சுவர் முழுக்க அவர் சட்டமன்றத்தில் பேசும் போட்டோ. எல்லாம் ஒரே நாளில் எடுத்தது, ஒரே சட்டை. புதுக் கட்சியின் கரை வேட்டியில் அவர் வந்தார். எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்துவிட்டேன். கால் தானாக எழுந்துகொள்கிறது.

"வா தங்கச்சி. இன்னா, ஆளையே காணோம்? யாரு, பொண்ணா? வளந்துட்டா. உம் பேரு இன்னா கண்ணு?"

மகள் பெயரைச் சொன்னாள்.

"அட! எங்கம்மா பேரு!" என்றார். முகமெல்லாம் சந்தோஷம். சுற்றி இருந்தவர்களிடம், "பாத்தியா, எங்கம்மா பேரு" என்று இன்னொரு முறை சொன்னார்.

என் கணவர், "நீங்க வெச்சதுதாண்ணே" என்றார்.

"அப்டியா! நானா!"

கடிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். மடித்துத் தொடையில் வைத்துக்கொண்டார்.

"இப்ப டைமு சரியில்ல தங்கச்சி. எலெக்‌ஷன் வருது. லிஸ்ட்ல நம்ம பேரு ஓடிக்கினு கீது. இந்தப் பேப்பரு எவன் கைக்காவது போச்சுன்னா, சர்டிபிகேட்ல கை வெச்சவன்னு போஸ்டர் அடிச்சு ஒட்டிருவான்."

"நீங்க வெச்சீங்களே அண்ணே" என்றேன்.

"நா எங்க வெச்சேன்? அந்த பி.ஏ. பய எழுதினது. அவனும் போய்ச் சேந்துட்டான், பாவம்."

"கையெழுத்து உங்களுது. சீல் உங்களுது."

"தோ பாரு, லெட்டருலாம் எதுக்கு? ஒரு போன்ல முடிஞ்சிரும்" என்று போனை எடுத்தார். முதல் ஆள் எடுக்கவில்லை. இரண்டாவதாகப் போட்டு, எங்களுக்குக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். "தம்பி, எம்.எல்.ஏ. பேசறேன்" என்றார். அந்தப் பக்கம் ஒரு இளம் குரல், "எந்த எம்.எல்.ஏ. சார்?" என்றது.

அவர் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, சிக்னல் சரியில்லை என்றார். ஒரு நொடி எனக்கு உள்ளுக்குள் இனித்தது. உடனே பயம் பிடித்துக்கொண்டது. இந்த ஆளை நம்பித்தான் என் மகளின் வாழ்க்கை மாட்டிக்கொண்டிருக்கிறது, இவருக்கோ ஒரு போனை எடுக்கக்கூட ஆள் இல்லை.

பிறகு நான் பேசியதை இப்போது முழுதாக நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. குரல் உயர்ந்தது தெரியும். "மேடையில இருபது குழந்தைக்கு மேல பேரு வெச்சீங்க. அத்தனை பேர் வீட்லயும் இதே பச்சை மைதான் இருக்கு. நாளைக்கு ஒவ்வொருத்தியா வந்து நிப்பா. எல்லார்கிட்டயும் பி.ஏ. செத்துட்டான்னு சொல்வீங்களா? உங்களுக்குக் கை தட்டறதுக்கு எங்க பிள்ளைங்களைப் பதினோரு மாசம் பேரில்லாம போட்டு வெச்சோம். ஒரு கையெழுத்து கேட்டா டைம் சரியில்லையா?"

"ஏய், வாய மூடு. அண்ணன்கிட்ட இன்னா பேச்சு இது?" என்றார் என் கணவர்.

எம்.எல்.ஏ.வுக்குக் கோபமே வரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "வுடுப்பா. படிச்ச பொண்ணு, சூடு வருது" என்று சிரித்தார். உள்ளே பார்த்து, "இவங்களுக்கு ஜூஸ் குடுங்க" என்றார். கடிதத்தைத் திருப்பித் தந்தார். கையெழுத்து இல்லை. ஜூஸை என் கணவர் மட்டும் குடித்தார்.

மாதக் கடைசிக்குப் பதினேழு நாள் இருந்தது. பள்ளியில் கூட வேலை பார்ப்பவர் சொல்லி, தி. நகரில் ஒரு வக்கீலிடம் போனோம். அவர் முழுக்கதையையும் கேட்டார். பெற்றோர் இருவரும் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும் என்று ஒன்றைத் தயார் செய்து நீட்டினார். எத்தனையோ பேருடைய பிரமாணப் பத்திரங்களை வாங்கிக் கோப்பில் வைத்திருக்கிறேன். அதனால் வரிவரியாகப் படித்தேன். 'மேற்படி சான்றிதழில் குழந்தையின் பெயர் எங்கள் அறியாமையால் எங்களாலேயே எழுதப்பட்டது' என்று இருந்தது.

"சார், இது பொய்."

"அவர் எழுதினார்னு போட்டா, அவர்கிட்டேருந்து லெட்டர் எங்கேன்னு கேப்பாங்க. இருக்கா?"

"இல்ல."

"அப்ப யார் எழுதினது? நீங்கதான்."

"சீல் இருக்கே சார்."

"அதைப் பத்தி யாரும் கேக்கலியேம்மா. நாமளா ஏன் இழுத்து விட்டுக்கணும்? அரசியல்வாதி பேரு உள்ள வந்தா எந்த ஆபீஸரும் ஃபைலைத் தொட மாட்டான். அது அங்கேயே கிடக்கும். உங்க பொண்ணு இங்கேயே கிடப்பா."

என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி. அண்ணன் பெயர் எதிலும் வராது என்ற நிம்மதி. கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் அவர் மேல் எத்தனையோ முறை கோபப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு வந்தது வேறு கோபம். அது இன்னும் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை.

"அந்த ஒரு வரியை மாத்துங்க சார். அப்போதைய சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில்னு போடுங்க. நடந்தது அதுதான்" என்றேன்.

வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டு என் மகளைப் பார்த்தார்.

அவள் என் பக்கத்தில் வந்து குனிந்து, மெதுவாகச் சொன்னாள். "அம்மா, விடும்மா. எனக்கு அவர் மாட்டணும்னு இல்ல. எனக்கு சர்டிபிகேட் வேணும்."

கையெழுத்துப் போட்டேன். எங்கள் வரிசையின் முதல் பட்டதாரி, பள்ளிச் சேர்க்கைப் பிரிவு எழுத்தர், 'அறியாமையால்' என்ற சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். அரசாங்கக் கோப்பில் அது இருக்கும். அவரைப் பற்றி அதில் ஒரு சொல் இருக்காது. வேட்புமனுவில் வழக்கு எதுவும் இல்லை என்று அவர் எழுதிக் கொடுக்கலாம். உண்மையும் அதுதான்.

பதினோராவது நாள் புதுச் சான்றிதழ் வந்தது. பெயர்க் கட்டத்தில் கறுப்பு எழுத்தில் அச்சாகியிருந்தது. ஏஜென்சிப் பெண் அனுப்பிய மறுநாளே, ஜெர்மனியில் ஏற்றுக்கொண்டார்கள் என்று போன் செய்தாள். மகள் சமையலறையில் தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் குக்கரை இறக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அந்த வாரமே என் கணவரின் போன் அடித்தது. அவர் எழுந்து நின்று பேசினார். "ஆமாண்ணே… வந்துருச்சுண்ணே… உங்க புண்ணியம்ணே." அந்தப் பக்கக் குரல் எனக்கும் கேட்டது. "நாந்தான் அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லி வெச்சேன்ல. இல்லாங்காட்டி பத்து நாள்ல வருமா? நம்ம வாட்சப் குரூப்புல போட்டுருக்கேன், பாரு."

போனை வாங்கினேன்.

"யாரு, தங்கச்சியா? கோவம்லாம் போச்சா? பொண்ணு கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு தபா கூட்டிக்கினு வா. சால்வை போட்டு அனுப்பறேன். நம்ம ஏரியாலேந்து மொத ஆளு வெளிநாடு போவுது, ஒரு போட்டோ எடுத்துக்கலாம். எலெக்‌ஷனுக்கும் நல்லாருக்கும்."

"வர மாட்டா" என்றேன்.

"இன்னாம்மா?"

"என் பொண்ணு வர மாட்டா. குரூப்புல போட்டதை எடுங்க. இல்லேன்னா அந்தப் பச்சை மை சர்டிபிகேட்டைப் போட்டோ எடுத்து அதே குரூப்புல நான் போடுவேன். என்கிட்ட காப்பி இருக்கு."

அவர் என்னவோ சொல்ல ஆரம்பித்தார். நான் போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு, "அவ ஏதோ டென்ஷன்ல கீறாண்ணே" என்று சொல்லிக்கொண்டே வாசலுக்குப் போனார்.

அரை மணி நேரத்தில் குரூப்பிலிருந்து அது எடுக்கப்பட்டது. என் கணவர் என்னோடு நான்கு நாள் பேசவில்லை. மகள் அடுத்த மாதம் போகிறாள்.